தவணை கடந்த ஊன்றுகோல்

ஜனவரியில், ஹார்லிங்கன் துறைமுகத் தெருவில்
கண்ணுக்குத் தெரியாத பனித்தகடு ஒன்று
சைக்கிளை ஒரு பக்கமும்
என்னை மறுபக்கமும் போட்டது.
தபால்கள் பைக்குள் பத்திரம்.
கணுக்கால் இரண்டு இடத்தில் முறிவு.

உபகரணக் கடையில் இரவல் தந்தார்கள்
அலுமினிய ஊன்றுகோல் இரண்டு:
சாம்பல் பிடி, முழங்கையைக் கவ்வும் வளையம்,
உயரம் கூட்டிக் குறைக்க
வரிசையாய்த் துளைகள்.
நான் ஐந்தாம் துளை ஆள்.

ஏப்ரலில் கட்டுப் பிரித்த அன்றிரவே
பட்டாணி ஊறப்போட்டேன்,
ஊதாக் காய் காய்க்கும் ஏறுபட்டாணி.
விதைத்தேன், புறா கிளறியது.
மறுபடி விதைத்தேன், எலி தின்றது.
மூன்றாம் முறை
கூரைநீர்க் குழாயின் உடைந்த பாதியில் மண் நிரப்பி
சமையலறை ஜன்னலில் முளைக்கவிட்டு
அப்படியே பாத்திக்குள் சறுக்கிவிட்டேன்,
படகு இறக்குவதுபோல.

கொம்பு கொண்டுவருகிறேன் என்ற டௌவா
(என் தெருக்களில் இப்போது அவன்தான் தபால் போடுகிறான்)
மூன்று வாரமாய்க் கொண்டுவருகிறான்.
செடிகள் ஒன்றன்மேல் ஒன்று விழத் தொடங்கின.
கதவோரம் சும்மா சாய்ந்திருந்தவை
கண்ணில் பட்டன.

தடித்த கம்பைப் பட்டாணி பிடிக்காது.
அதன் சுருளுக்கு நூல்தான் கைக்கடக்கம்.
கோல்களை எதிரெதிரே ஊன்றி
துளைக்குத் துளை சணல் கோத்தேன்.

காலை ஏழுக்கு ஒரு சுருள் காற்றைத் தடவும்,
கண்ணாடியில்லாமல் கண்ணாடி தேடும் கைபோல.
காபி ஆறுவதற்குள் சணலைத் தொட்டிருக்கும்.
மதியம் ஒரு சுற்று, மாலையில் நான்கு.
பாதி வலமாய் முறுக்கி, நடுவில் மனம் மாறி,
மீதியை இடமாய் முறுக்கும்.
ஏன் என்றான் டௌவா.
ஒரே பக்கம் முறுக்கினால் அறுந்துவிடும் என்றேன்.
உண்மையில் எனக்குத் தெரியாது.

ஜூனில் முழங்கை வளையத்தைத் தாண்டி
அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றது.
மேலே துணி காயும் கொடி.
ஒரு சணல் இழுத்துக் கட்டினேன்.
கொடிமேல் கொடி.
அன்றிலிருந்து என் சட்டைகள்
குளியலறையில் காய்கின்றன.

கடிதத்தை டௌவாவே கொண்டுவந்தான்:
தவணை முடிந்தது, திருப்பித் தரவும்.
போன் செய்தேன்.

"ஊன்றுகோல் இன்னும் பயன்பாட்டில் உள்ளதா?"
"உள்ளது."
"நடக்கச் சிரமமா, திருமதி ஹூக்ஸ்ட்ரா?"
"எனக்கில்லை."
அங்கே தட்டச்சு நின்றது.
"வீட்டில் வேறு யாருக்கேனும்?"
"பதினாலு பேருக்கு. எடுத்தால் நிற்கமாட்டார்கள்."

அந்தப் பெண் சிரிக்கவில்லை.
வாரம் ஒன்றரை யூரோ அபராதம் என்றாள்.
ஒரு கோலுக்கு.
ஒன்பது வாரம், இரண்டு கோல், இருபத்தேழு யூரோ.
அந்தக் காசுக்குச் சந்தையில்
மூட்டை பட்டாணி கிடைக்கும்.
சரி என்றேன்.

ஜூலையில் ஓர் இரவு கடற்காற்று.
விடிந்தபோது வரிசை முழுதும்
வலப்பக்கம் சாய்ந்து நின்றது.
பிப்ரவரியில் நான் நின்ற அதே சாய்வு.
நிமிர்த்தவில்லை.
பின்படியில் உட்கார்ந்து, கவிழ்த்த வாளிமேல் கால் நீட்டி
உரித்தேன்: வெளியே ஊதா, உள்ளே பச்சை,
வெந்தால் இரண்டுமில்லாத ஒரு பழுப்பு.
சட்டியில் இரண்டு, வாயில் ஒன்று.
டௌவாவுக்கு ஒரு பை நிறைய,
கொண்டுவராத கொம்புகளுக்காக.

ஆகஸ்டில் கழுவித் துடைத்து எடுத்துப்போனேன்.
ஐந்தாம் துளைக்குள் காய்ந்த சுருள் ஒன்று
ஊசியால் நெம்பியும் வரவில்லை.
கடைப் பையன் அதைக் கவனிக்கவில்லை.
ஏழாம் துளைக்கு உயர்த்திப் பூட்டி
காத்திருந்த நெட்டையான ஒருவரிடம் நீட்டினான்.
எனக்கு ரசீது தந்தான்.

வெளியே, சைக்கிளை எடுக்கும்போது
இடது கை ஒரு நொடி
வெறும் காற்றைத் தடவியது.
பிறகு மணியை அடித்துப் பார்த்தேன்.
அடித்தது.